மைக்கேல் ஸ்காட் போன பிறகு

2011 ஏப்ரல் 28-ம் தேதி ஒளிபரப்பான 'குட்பை, மைக்கேல்' எபிசோடோடு 'தி ஆபிஸ்' தொடரை முடித்திருக்க வேண்டும் என்று சொல்கிறவர்களோடு நான் பல வருஷமாக மல்லுக்கட்டி வருகிறேன். அவர்கள் சொல்வதில் முக்கால்வாசி நியாயம் இருக்கிறது. அடுத்து வந்த இரண்டு சீசன்களும் முந்தைய ஏழுக்குக் கிட்டேகூட வராது. ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. "சிரிக்க வைக்கிற ஆள் போயிட்டான், சிரிப்பும் போயிடுச்சு" என்பார்கள்.

சிரிப்பு எங்கேயும் போகவில்லை. டுவைட் இருந்தான். கெவின் இருந்தான். ஒரு எபிசோடுக்கு இரண்டே வரி பேசினாலும் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வைக்கும் க்ரீட் இருந்தார். புதிதாக ஜேம்ஸ் ஸ்பேடர் மாதிரி ஒரு பெரிய நடிகரே உள்ளே வந்தார். எட்டாவது சீசனில் ஏதாவது ஒரு எபிசோடை எடுத்துப் பாருங்கள், நகைச்சுவை வரிகளுக்குப் பஞ்சமே இருக்காது. வேறு ஏதோ ஒன்று போயிருந்தது. அது என்ன என்று எழுதிப் பார்க்கத்தான் இந்தப் பதிவு. கதை முழுக்க வரும், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

தொடரைப் பற்றிக் கேள்விப்பட்டிராதவர்களுக்கு ரெண்டு வரி. பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்க்ரான்டன் என்ற ஊர். அங்கே டண்டர் மிஃப்ளின் என்ற பேப்பர் கம்பெனியின் கிளை அலுவலகம். யாரோ ஆவணப்படம் எடுக்கிறார்கள் என்ற பாவனையில் கேமரா அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். ரிக்கி ஜெர்வெய்ஸும் ஸ்டீபன் மெர்ச்சன்டும் பிபிசிக்காக எடுத்த பிரிட்டிஷ் தொடரைத் தழுவி, கிரெக் டேனியல்ஸ் அமெரிக்காவுக்கு ஏற்ற மாதிரி ஆக்கினார். என்பிசி சேனலில் 2005 மார்ச்சில் தொடங்கி 2013 மே வரை ஒன்பது சீசன் ஓடியது. கிளை மேலாளர் மைக்கேல் ஸ்காட்டாக ஸ்டீவ் கரெல்.

முதல் சீசன் ஆறே எபிசோட். அதில் வரும் மைக்கேலை எனக்குப் பிடிக்காது. பிரிட்டிஷ் தொடரின் டேவிட் பிரென்ட்டை அப்படியே நகலெடுத்த மாதிரி, தலைமுடியை இழுத்து வாரிக்கொண்டு, சிடுசிடுவென்று இருப்பார். இரண்டாவது சீசனில்தான் எழுத்தாளர்கள் ஆளைக் கண்டுபிடித்தார்கள். அந்த சீசனின் முதல் எபிசோட் 'தி டண்டீஸ்'. மைக்கேல் தன் ஊழியர்களுக்கு ஒரு ஹோட்டலில் விருது விழா நடத்துகிறார். வழக்கம்போல் அசட்டு ஜோக்குகள், வழக்கம்போல் எல்லாருக்கும் எரிச்சல். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத சிலர் அவரைக் கேலி செய்து சாமானைத் தூக்கி எறிகிறார்கள். மைக்கேலின் முகம் சுருங்கிவிடுகிறது, விழாவை முடித்துக்கொள்ளப் பார்க்கிறார். அதுவரை நெளிந்துகொண்டிருந்த அதே ஊழியர்கள் அப்போது கைதட்ட ஆரம்பிக்கிறார்கள். ஜிம்மும் பாமும் தொடங்கி வைக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். எங்கள் ஆளை நாங்கள் திட்டுவோம், நீ யார் என்ற குணம். தொடர் அந்த இடத்தில்தான் உண்மையில் பிறந்தது என்பேன்.

அதே சீசனில், ஊழியர்கள் பிள்ளைகளை அலுவலகத்துக்கு அழைத்து வரும் நாள் ஒன்று வருகிறது. மைக்கேல் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியில் கலந்துகொண்ட பழைய வீடியோவைப் பெருமையாகப் போட்டுக் காட்டுகிறார். பெரியவனானதும் என்னவாக ஆசை என்று அதில் கேட்கிறார்கள். கல்யாணம் செய்து நூறு பிள்ளை பெற்றுக்கொள்ளணும், அப்போது எனக்கு நூறு நண்பர்கள் இருப்பார்கள், யாரும் நட்பாக இருக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது என்கிறது அந்தக் குழந்தை. அறையே உறைந்துவிடுகிறது. ஏழு சீசனுக்கான கதை அந்தச் சில நொடியில் இருக்கிறது. தனியாகக் கிடக்கும் ஒரு மனுஷன், சம்பளத்துக்கு வேலை செய்ய வந்த பதினைந்து பேரைத் தன் குடும்பம் என்று நம்புகிறான். அவர்கள் அப்படி நினைக்கவில்லை. நினைக்க வைக்க முடியுமா? இதுதான் கேள்வி. ஒவ்வொரு அபத்தமான மீட்டிங்கும், ஒவ்வொரு வேண்டாத பார்ட்டியும் இந்தக் கேள்வியின் வேறு வேறு வடிவம்தான்.

மூன்றாவது சீசனில் 'பிசினஸ் ஸ்கூல்' என்று ஒரு எபிசோட். ரிசப்ஷனிஸ்ட் பாம் தன் ஓவியங்களைச் சின்னதாக ஒரு கண்காட்சியில் வைத்திருக்கிறாள். அலுவலகத்தில் எல்லாரையும் அழைத்திருக்கிறாள். ஆஸ்கர் தன் துணைவரோடு வருகிறான். பாம் பின்னால் நிற்பது தெரியாமல் இருவரும் அவள் வரைந்ததைக் குறைத்துப் பேசுகிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் எட்டிப் பார்க்கவில்லை. படங்களைக் கழற்றத் தொடங்கும் நேரத்தில் மைக்கேல் மூச்சு வாங்க ஓடி வருகிறார். அன்றைக்குப் பகலில்தான் ஒரு கல்லூரி வகுப்பில், உங்கள் கம்பெனி சீக்கிரம் காணாமல் போய்விடும் என்று மாணவர்கள் அவர் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் ஒவ்வொரு படமாகப் பார்க்கிறார். தங்கள் அலுவலகக் கட்டடத்தை பாம் வாட்டர்கலரில் வரைந்திருப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிடுகிறார். இது எவ்வளவு, எனக்கு வேண்டும், அலுவலகத்தில் மாட்ட வேண்டும் என்கிறார். அதில் நடிப்பு இல்லை, தயவு இல்லை. அந்தக் கட்டடம் அவருக்கு அவ்வளவு அழகு. பாம் அவரைக் கட்டிக்கொள்கிறாள். எந்த மனிதனைப் பார்த்து மூன்று வருஷமாகக் கண்ணை உருட்டினாளோ, அவனைத்தான். மறுபடி மறுபடி பார்த்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

மற்றவர்களின் நகைச்சுவை எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஜிம் கேமராவைத் திரும்பிப் பார்ப்பான், நமக்குச் சிரிப்பு வரும். அவன் பார்ப்பது மைக்கேல் செய்த ஒன்றுக்குப் பதிலாக. ஸ்டான்லி குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையைத் தூக்காமல் இருப்பது, மைக்கேல் பேசிக்கொண்டிருப்பதால்தான் வேடிக்கை. டோபி வாயைத் திறந்தாலே மைக்கேலுக்கு ஆகாது, அதனால்தான் டோபி பாவம். டுவைட்டின் முரட்டு விசுவாசத்துக்கும் ஆள் வேண்டுமே! பின்னாளில் டுவைட்டை மட்டும் வைத்து, அவனுடைய பண்ணையைக் களமாக்கி ஒரு கிளைத் தொடர் எடுக்கப் பார்த்தார்கள். சேனல் வேண்டாம் என்றுவிட்டது. எடுத்த மாதிரிப் பகுதியைத்தான் ஒன்பதாவது சீசனில் 'தி ஃபார்ம்' என்ற எபிசோடாகச் சேர்த்தார்கள். ரெய்ன் வில்சன் எவ்வளவு அருமையான நடிகர்! அவரே இருந்தும் அந்த அரை மணி நேரம் நொண்டுகிறது.

கரெல் ஏன் போனார்? சினிமா ஆசை என்றுதான் அப்போது எல்லாரும் பேசிக்கொண்டோம். ஏழாவது சீசனோடு ஒப்பந்தம் முடியப்போகிறது, அதுவே கடைசியாக இருக்கலாம் என்று 2010-ல் ஒரு பேட்டியில் அவரே சொன்னார். ஆனால் ஆண்டி கிரீன் 2020-ல் வெளியிட்ட புத்தகத்தில் தொடரில் வேலை செய்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். கரெலுக்குத் தொடர மனம் இருந்தது, சேனல் தரப்பில் யாரும் புது ஒப்பந்தத்தோடு வரவில்லை என்கிறார்கள். இத்தனைக்கும் அது சேனலின் பேர் சொல்லும் தொடர்! அந்த வேடத்துக்கு அவருக்கு 2006-ல் கோல்டன் குளோப் கிடைத்தது. எம்மி ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எப்படிப் போனாலும், வழியனுப்பிய விதத்தில் குறை சொல்ல முடியாது. கிரெக் டேனியல்ஸே எழுதினார், பால் ஃபீக் இயக்கினார். மைக்கேல், காதலி ஹாலியோடு வாழக் கொலராடோ போகிறார். நாளைக்குத்தான் கிளம்புகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, அன்றைக்கே யாருக்கும் தெரியாமல் ஒவ்வொருவராக விடைபெறுகிறார். ஆஸ்கருக்கு அவர் கொடுக்கும் பரிசு, கையால் செய்த கண்றாவியான ஒரு துணிப் பொம்மை. ஆஸ்கர் மரியாதைக்காக நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறான். அவன் அந்தப் பக்கம் போனதும் மைக்கேல் விழுந்து விழுந்து சிரிக்கிறார். என்னைப் பற்றி இவன் எவ்வளவு மட்டமாக நினைத்திருந்தால், இதை நான் உண்மையான பரிசாகக் கொடுக்கிறேன் என்று நம்பியிருப்பான்! ஊழியர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், அதைப் பற்றிச் சிரிக்கவும் முடியும் என்று காட்டுகிற இடம் அது. ஜிம்முக்கு மட்டும் விஷயம் புரிந்துவிடுகிறது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்ற பாவனையிலேயே இருவரும் இன்றைக்கே சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாம் அந்த மத்தியானம் சினிமாவுக்குப் போயிருப்பதால் அவளைப் பார்க்க முடியவில்லை. விமான நிலையத்தில் மைக்கேல் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றிப் படப்பிடிப்புக் குழுவிடம் கொடுத்துவிட்டு நடக்கிறார். பின்னாலிருந்து பாம் ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். இருவரும் ஏதோ பேசுகிறார்கள், நமக்குக் கேட்காது.

இந்த இடத்தில்தான் எனக்கும் என் நண்பர்களுக்கும் கருத்து வேறுபாடு. கரெல் போனதால் தொடர் கெட்டது என்கிறார்கள் அவர்கள். மைக்கேலுக்குக் கேட்டது கிடைத்துவிட்டதால் தொடர் கெட்டது என்கிறேன் நான். குடும்பம் வேண்டும் என்று அலைந்தவனுக்கு ஹாலி கிடைத்தாள். அலுவலகமும் ஒருவழியாக அவனை நேசித்தது. கேள்விக்குப் பதில் வந்தாயிற்று. கரெல் இன்னும் மூன்று வருஷம் இருந்திருந்தாலும், வேறு ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தே ஆக வேண்டியிருந்திருக்கும். எழுத்தாளர்கள் கண்டுபிடித்த கேள்வி: அடுத்த மேனேஜர் யார்?

இதைவிட வறண்ட கேள்வி கிடைக்காது. ஆனால் அதற்கு அவர்கள் கொட்டிய ஆட்கள் கொஞ்சமா? முதலில் வில் ஃபெரல், நாலு எபிசோடுக்கு டீஆஞ்சலோ விக்கர்ஸ். அவர் கூடைப்பந்து வளையத்தைப் பிடித்துத் தொங்கப் போய், கம்பமே மேலே விழுந்து ஆள் காலி. அடுத்து டுவைட் தற்காலிக மேனேஜர், அலுவலகத்துக்குள் துப்பாக்கி வெடித்து அதுவும் போச்சு. அப்புறம் க்ரீட். ஏழாவது சீசனின் கடைசி எபிசோடில் அந்த வேலைக்கு நேர்காணல். ஜிம் கேரி, ரே ரொமானோ, வில் ஆர்னெட், கேத்தரின் டேட், ஜேம்ஸ் ஸ்பேடர் என்று வரிசையாக வந்து உட்காருகிறார்கள். வாரன் பஃபெட் கூட வருகிறார். அத்தனை பேரும் வந்த அந்த எபிசோடில் என் நினைவில் தங்கிய காட்சி ஒன்றுகூட இல்லை.

நம்ம ஊர் சீரியல்களில் நடிகர் விலகினால் திரையில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி வரும், கதை தன் பாட்டுக்குப் போகும். அங்கே முகம்தான் மாறுகிறது. மருமகளும் மாமியாரும் அவர்களுக்குள் இருக்கும் பகையும் அப்படியே நிற்கும். 'தி ஆபிஸ்' குழு செய்தது இதற்கு நேர்மாறு. மேனேஜர் என்ற பதவியை வைத்துக்கொண்டு, அந்தப் பதவிக்குள் இருந்த ஏக்கத்தைக் கைவிட்டார்கள்.

எட்டாவது சீசனில் ஆண்டி பெர்னார்ட் மேனேஜர் ஆகிறான். நடித்தவர் எட் ஹெல்ம்ஸ். மேலோட்டமாகப் பார்த்தால் சரியான தேர்வுதான். ஆண்டிக்கும் எல்லாரும் தன்னை விரும்ப வேண்டும் என்ற பசி உண்டு. அவனை அப்பா அம்மா ஒருநாளும் மதித்ததில்லை. ஆனால் 'தி இன்சென்டிவ்' என்ற எபிசோடில் நடப்பதைப் பாருங்கள். விற்பனையைக் கூட்டினால் பின்பக்கத்தில் பச்சை குத்திக்கொள்கிறேன் என்று ஆண்டி வாய் விடுகிறான். ஊழியர்கள் வெறித்தனமாக வேலை செய்து ஜெயித்துவிடுகிறார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவன் நடுங்கிக்கொண்டே போய்ப் படுக்கிறான். மானத்தை வாங்கும் படமாகக் குத்தச் சொல்வார்கள் என்று பார்த்தால், அவன் செல்லப்பெயருக்குப் பொருத்தமாக ஓர் அழகான நாய்க்குட்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பார்க்க மனசுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது எட்டாவது சீசனின் இரண்டாவது எபிசோட்! மைக்கேல் ஏழு வருஷம் அவமானப்பட்டுச் சம்பாதித்ததை ஆண்டிக்கு இரண்டே வாரத்தில் கொடுத்துவிட்டார்கள். முதல் எபிசோடிலேயே அவன் ஊழியர்களுக்காக முதலாளியிடம் வாதாடி நல்ல பெயர் வாங்கியாயிற்று. அதற்குப் பிறகு அந்த அறையில் ஆண்டியை எதிர்த்து நிற்க யாருமில்லை, அவன் ஜெயிக்க வேண்டியதும் எதுவுமில்லை.

அந்த முதலாளி ராபர்ட் கலிபோர்னியா. ஸ்பேடரின் குரலும் அந்த அசையாத பார்வையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தனியாக ஒரு படம் எடுத்திருக்கலாம். ஆனால் அவருக்கு அந்த அலுவலகத்தில் யாரும் தேவையில்லை. வந்த புதிதில் ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் சிலர் பெயர், மறு பக்கம் மற்றவர் பெயர் எழுதி வைக்கிறார். ஒரு பக்கம் தேறுகிறவர்கள், மறு பக்கம் தேறாதவர்கள். மைக்கேலால் அந்தக் கோட்டைப் போட்டிருக்கவே முடியாது. ஸ்க்ரான்டன் கிளையில் ராபர்ட் ஒரு பார்வையாளர், நாளைக்கே கிளம்பிப் போனாலும் அவருக்கு இழப்பில்லை. அவர் பேசும்போது ஜிம் கேமராவைப் பார்க்கிறான்தான். அதில் பழைய சலிப்பும் இல்லை, அதற்கு அடியில் இருந்த பாசமும் இல்லை.

பிறகு நெல்லி. கேத்தரின் டேட் நடித்த பாத்திரம். ஆண்டி தான் காதலிக்கும் எரினை ஃப்ளோரிடாவிலிருந்து அழைத்து வரப் போயிருக்கும் நேரத்தில், நெல்லி உள்ளே வந்து மேனேஜர் அறையில் உட்கார்ந்துகொண்டு இனி இது என் வேலை என்கிறாள். அவ்வளவுதான், வேலை அவளுக்கு! பதவியில் யார் உட்காருவது என்பதைத் தவிர எழுத வேறொன்றும் இல்லை என்று அதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

பிரியமான ஆள் போய்விட்டால் தொடர் விழுந்தே தீரும் என்று விதி ஒன்றும் கிடையாது. 'சியர்ஸ்' தொடரில் சாம், டயான் காதல்தான் உயிர்நாடி. டயானாக நடித்த ஷெல்லி லாங் ஐந்து சீசனுக்குப் பிறகு 1987-ல் விலகினார். இன்னொரு டயானைத் தேடாமல், வேலையில் மேலே வரத் துடிக்கும் ரெபெக்காவை, கிர்ஸ்டி ஆலியை, அந்த மதுக்கடைக்கு மேலாளராகக் கொண்டு வந்தார்கள். இதுவரை கடையை வைத்திருந்த சாம் இப்போது அவளுக்குக் கீழே வேலை செய்ய வேண்டும். உறவே தலைகீழ். தொடர் இன்னும் ஆறு சீசன் ஓடியது, 1990-91-ல் அமெரிக்காவிலேயே அதிகம் பேர் பார்த்த தொடர் அதுதான்.

'மாஷ்' இன்னும் நல்ல பாடம். கொரியப் போரில் ஒரு ராணுவ மருத்துவமனை. தலைமை அதிகாரி ஹென்றி பிளேக் சாது, யாரையும் அதட்டத் தெரியாதவர். 1975-ல் மெக்லீன் ஸ்டீவன்சன் தொடரை விட்டுப் போனபோது, ஊருக்குத் திரும்பும் ஹென்றியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதாக எழுதினார்கள். அமெரிக்க வீடுகளில் அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி. அவர் இடத்துக்கு வந்த கர்னல் பாட்டர், ஆயுசு முழுக்க ராணுவத்தில் கழித்த கிழவர்; அவரிடம் கதாநாயகனான டாக்டர் ஹாக்கையின் குறும்பு எளிதில் செல்லாது. கொஞ்ச நாள் கழித்து, எல்லாரும் முட்டாளாக்கி விளையாடிய ஃபிராங்க் பர்ன்ஸும் போனான். பதிலாக வந்த வின்செஸ்டர் திறமையான அறுவை மருத்துவன், சங்கீத ரசிகன், ஹாக்கைக்குச் சரியான எதிராளி. ஒவ்வொரு முறையும் வந்தவரால் இருந்தவர்கள் மாற வேண்டியிருந்தது. 1983-ல் அதன் கடைசி எபிசோடை 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அடிப்படைக் கேள்வி, சாவுக்கு நடுவே எப்படிப் புத்தி பேதலிக்காமல் இருப்பது என்பது. அது யார் போனாலும் முடியாத கேள்வி. 'தி ஆபிஸ்'-க்கு அந்த வசதி இல்லை. அதன் கேள்வி ஒரே ஆளின் நெஞ்சில் இருந்தது.

ஒன்பதாவது சீசனுக்கு கிரெக் டேனியல்ஸ் முழுப்பொறுப்போடு திரும்பி வந்தார். அதில் எனக்குக் கோபம் வரவைப்பது ஆண்டியைக் கையாண்ட விதம். எட் ஹெல்ம்ஸுக்கு 'தி ஹேங்ஓவர்' மூன்றாம் பாகத்தின் படப்பிடிப்பு இருந்ததால், ஆண்டி சில மாதம் படகில் கடலுக்குப் போய்விடுகிறான். எரினை யோசிக்காமல் விட்டுவிட்டுப் போகிறான், திரும்பி வந்ததும் சிடுமூஞ்சியாகப் பழிவாங்க அலைகிறான். எந்த எரினுக்காக ஃப்ளோரிடா வரை கார் ஓட்டினானோ அவள்தான் இவள்! நடிகரின் தேதிப் பிரச்சினைக்காக ஒரு பாத்திரத்தின் மனசையே மாற்றியதை என்னால் மன்னிக்க முடியாது.

ஆனால் அதே சீசனில் ஜிம், பாம் தம்பதிக்கு வரும் விரிசலைப் பலர் வெறுக்கிறார்கள். அதைத்தான் நான் தூக்கிப் பிடிப்பேன். ஜிம் ஃபிலடெல்ஃபியாவில் புது கம்பெனியில் சேர்ந்துவிட்டான். குழந்தைகளோடு பாம் ஸ்க்ரான்டனில். மகளின் நடன நிகழ்ச்சியை பாம் போனில் சரியாகப் பதிவு செய்யவில்லை என்று ஜிம் தொலைபேசியிலேயே சீறுகிறான். போனை வைத்த பாம் உடைந்து அழுகிறாள். கேமராவுக்குப் பின்னாலிருந்த ஒலிப்பதிவுக்காரர் பொறுக்க முடியாமல் அவளுக்கு ஆறுதல் சொல்ல முன்னே வருகிறார். ஒலிப்பதிவுக்காரர் கதை பிறகு எங்கேயும் போகாமல் நின்றது உண்மை. ஆனால் அந்தச் சண்டை நிஜம். எட்டாவது சீசன் தேடி அலைந்த புதுக் கேள்வி அங்கே கிடைத்துவிட்டது: காதலித்துக் கட்டிக்கொண்ட இருவரில் யாருடைய கனவு முதலில்? அதை மைக்கேல் போன மறு வாரமே கேட்கத் தொடங்கியிருந்தால், இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

'குட்பை, மைக்கேல்' எபிசோடை 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள், இறுதி எபிசோடை அறுபது லட்சத்துக்கும் குறைவானவர்கள். அந்தக் கடைசி எபிசோடைப் பார்க்காமல் விட்டவர்களுக்காக வருத்தப்படுகிறேன். டுவைட்டின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக மைக்கேல் வந்து நிற்கிறார். பேசுவது மிகக் கொஞ்சம். தன் பிள்ளைகளெல்லாம் வளர்ந்து தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்ட மாதிரி இருக்கிறது என்று நெகிழ்கிறார். அவருக்கு இப்போது சொந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களின் படங்கள் ஒரே போனில் அடங்காமல் இரண்டு போன் வைத்திருக்கிறார் என்று பாம் சொல்கிறாள். பழைய வீடியோவில் நூறு பிள்ளை கேட்ட அந்தப் பையனை எழுத்தாளர்கள் மறக்கவில்லை.

ஆகவே நண்பர்களே, ஏழாவது சீசனோடு நிறுத்துகிறவர்களுக்கு என் சிபாரிசு இது. எட்டில் 'கார்டன் பார்ட்டி' மட்டும் பாருங்கள். அப்பாவிடம் ஆண்டி தோற்றுப்போய் நிற்கும்போது ஊழியர்கள் அவனைச் சுற்றி வந்து உட்காரும் அந்த முடிவுக்காக. ஒன்பதில் 'டுவைட் கிறிஸ்துமஸ்', பிறகு ஜிம்மும் பாமும் சண்டை போடும் எபிசோடுகள், நேரம் இல்லாவிட்டால் ஆண்டி படகிலிருந்து திரும்பிய பிறகு வருகிற அவன் காட்சிகளை ஓட்டிவிடலாம். கடைசி எபிசோடை மட்டும் அவசரத்தில் பார்க்காதீர்கள், வழக்கத்தைவிட நீளமானது, ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காருங்கள்.